திரைக்குப் பின்னால் அமர்ந்து படித்த மாணவி: வைத்தியர் முத்துலட்சுமி ரெட்டி

கல்வியால் உயர்ந்த ஒருவரின் வாழ்க்கையை இந்த மலருக்கு எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் சுவாமி விபுலாநந்தர். அதற்குக் காரணம் என் ஊரின் பெயர். விடுதியில் சேர்ந்த முதல் நாளிலிருந்து, கரைத்தீவு என்று நான் சொன்னதும், சுவாமி பிறந்த ஊரா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அது கிழக்கு மாகாணத்துக் காரைதீவு. எங்களுடையது புத்தளம் களப்பின் கரையில், வண்ணாத்திவில்லுப் பக்கமாகப் போய்ச் சேர வேண்டிய, கருவாடு மணக்கும் கரைத்தீவு. இந்த விளக்கத்தை மருத்துவ பீடத்திலும் சொன்னேன், இப்போது நோயாளிகளுக்கும் சொல்லிக் கொண்டிருக்கிறேன். என்னோடு விடுதியில் இருந்தவர்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள்.

சுவாமியைப் பற்றி எழுதக் கற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் என் தொழிலைச் சேர்ந்த ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்தேன். இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை நம்மில் பலர் பொது அறிவுப் போட்டிக்காக மனப்பாடம் செய்திருப்போம். இந்தியாவின் முதல் பெண் வைத்தியர் என்று எழுதி புள்ளியும் வாங்கியிருப்போம். அது சரியல்ல. அவர் 1886 ஜூலை 30 ஆம் திகதி புதுக்கோட்டையில் பிறந்தார். அதே 1886 இல் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். கல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் வைத்தியராகிவிட்டார். முத்துலட்சுமி படித்த சென்னை மருத்துவக் கல்லூரியே 1875 இல் பெண்களைச் சேர்த்துக் கொள்ளத் தொடங்கியிருந்தது. நம் நாட்டில் கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892 இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. ஆகவே அவரை முதல்வர் என்று சொல்லிப் பெருமைப்படுத்த வேண்டியதில்லை. முதல்வராக இல்லாமலேயே அவர் செய்தவை போதும்.

தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் அதிபராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டும் வழக்கம் இருந்த சமூகத்தில் பிறந்தவர். இந்தத் திருமணத்தால் தந்தைக்குத் தம் சொந்தக் குடும்பத்தோடு உறவு அறுந்தது. தாய்வழி உறவினர்களோடு வளர்ந்த முத்துலட்சுமி, அந்த வீடுகளில் பெண் குழந்தைகளுக்கு என்ன நடக்கிறது என்பதைச் சிறு வயதிலேயே கண்டார். அவருடைய பிற்கால வாழ்க்கையை விளங்கிக்கொள்ள இது ஒன்றே பெரிய திறவுகோல். சட்டசபையில் தேவதாசி முறைக்கு எதிராக அவர் பேசியபோது அது அவருக்குப் புத்தகத்தில் வாசித்த விஷயமாக இருக்கவில்லை.

பூப்படைந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. அந்தக் காலத்தில் வேறு பேச்சில்லை. தாய் கல்யாணத்தைப் பற்றி யோசித்தார். தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். 1902 இல் மெட்ரிகுலேசன் தேர்வை வீட்டில் இருந்தபடியே படித்து எழுதித் தேறினார். சகோதரிகளே, டியூசன் வகுப்புகளும் கடந்தகால வினாத்தாள்களும் இல்லாமல், வகுப்புத் தோழி ஒருத்தியும் இல்லாமல் ஒரு பொதுத் தேர்வுக்குப் படிப்பது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். விடுதியில் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்த பிறகும் போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் படித்தவர்கள் நாம். அவருக்கு அந்தத் துணைகூட இல்லை.

அடுத்தது கல்லூரி. ஊரில் இருந்தது ஒரே கல்லூரி, மகாராஜா கல்லூரி. ஆண்கள் படிக்கும் இடம். அவர் விண்ணப்பித்ததும் எதிர்ப்பு இரண்டு பக்கமாக வந்தது. பெண் என்பது ஒன்று, தாயின் பிறப்பு மற்றொன்று. அவர் வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று பெற்றோர் அஞ்சினர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை. அனுமதியும் கொடுத்து உபகாரச் சம்பளமும் கொடுத்தார். ஆனாலும் வகுப்பில் மாணவர்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரு திரை தொங்கியது. அதன் பின்னால் தனியாக அமர்ந்துதான் பாடம் கேட்டார்.

இந்தத் திரையைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். நம் பாடசாலையில் நமக்குத் திரை இல்லை. ஆனால் சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரம், எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, கரையோரத்துப் பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று என் தந்தைக்குப் புத்தி சொன்ன உறவினர் ஒருவர் இருந்தார். தந்தை ஒன்றும் பேசவில்லை. வலையைத் தைத்துக் கொண்டே இருந்தார். அடுத்த தவணைக்கு என்னை அவரே பஸ் ஏற்றிவிட்டார். நாராயணசாமி ஐயரையும் தொண்டைமான் மன்னரையும் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வலைதான் கண்முன் வருகிறது. திறமை உள்ள பெண்பிள்ளையின் கதையைச் சொல்லும்போது, பக்கத்தில் நின்ற ஒருவரைச் சொல்லாமல் விடுவது நம் வழக்கம். முத்துலட்சுமி தாமே எழுதிய சுயசரிதையில் அப்படி விடவில்லை.

1907 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய உடல்நலம் அவ்வளவு பலமானதல்ல. பிணவறையும் இரவுக் கடமையும் உள்ள படிப்புக்கு இந்த உடம்பு தாங்குமா என்று யாரும் சந்தேகப்பட்டிருக்கலாம். ஐந்து ஆண்டுகளில், 1912 இல், பரிசுகளும் தங்கப் பதக்கங்களும் பெற்று வெளியே வந்தார். பெண்களைத் தம் வகுப்பில் விரும்பாத சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ஒருவர் இவருடைய புள்ளிகளைக் கண்டபின் மனம் மாறினார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. அப்படி மாறும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருவரைக் கண்டிருக்கிறேன். மாறாதவர்களையும் கண்டிருக்கிறேன்.

எழும்பூர் மகப்பேற்று வைத்தியசாலையில் உள்ளக வைத்தியராகப் பணி தொடங்கினார். அந்தப் பதவியில் அங்கே அமர்ந்த முதல் பெண் அவரே. 1914 இல் வைத்தியர் சுந்தர ரெட்டியை மணந்தார். அப்போது அவருக்கு வயது 28 ஆகப் போகிறது. தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டே சம்மதித்தார். கணவர் அந்த உறுதியைக் காத்தார். (இளைய சகோதரிகளுக்கு ஒரு செய்தி: நடிகர் ஜெமினி கணேசனுக்கு இவர் அத்தை முறை. இதைச் சொன்னால்தான் என் தாயாருக்கு முத்துலட்சுமி யார் என்று தெரிந்தது.)

1923 இல் அவருடைய தங்கை குடல்வாய்ப் புற்றுநோயால் இறந்தார். நான் சொல்வதாகச் சொன்ன இரண்டாவது காரணம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்த நோயைப் பற்றிச் சில வரிகள் எழுத என்னை அனுமதியுங்கள். மலக்குடலில் வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் வயிற்றுளைவு போலவும் மூலம் போலவும் காட்டும். இரத்தம் போகும், சில நாள் நிற்கும், மறுபடி போகும். பெண்கள் வெட்கத்தால் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் காட்ட மாட்டார்கள். கடுக்காயும் மாதுளம் தோலும் குடித்துக் கொண்டு ஒரு வருடம் போய்விடும். புத்தளத்துக் கரையோரக் கிராமங்களில் இருந்து என்னிடம் வருகிற பெண்களில் இன்றும் இதைக் காண்கிறேன். மஹரகமவுக்குக் கடிதம் எழுதிக் கையில் கொடுக்கும்போது, ஆறு மாதத்துக்கு முன் வந்திருக்கக் கூடாதா என்று கேட்க வாய் வரும், கேட்பதில்லை. 1923 இல் முத்துலட்சுமிக்கு எழுதிக் கொடுக்கக் கடிதமும் இல்லை, அனுப்ப இடமும் இல்லை. தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென்று ஒரு வைத்தியசாலை அன்று கிடையாது. தாமே வைத்தியர், தங்கப் பதக்கம் பெற்றவர், கண்ணெதிரே தங்கை நோவுற்றுச் சாவதைப் பார்த்திருக்க மட்டுமே முடிந்தது.

இரண்டு ஆண்டுகளின் பின், 1925 இல், மேற்படிப்புக்காக லண்டன் சென்றார். பெண்கள், குழந்தைகளுக்கான மருத்துவத்தில் பயிற்சி பெறுவது பயணத்தின் நோக்கம். அங்கே புற்றுநோய் வைத்தியசாலையையும் சென்று பார்த்தார். சென்னையில் இப்படி ஒன்று வேண்டும் என்ற முடிவு அங்கே அவர் மனத்தில் விழுந்தது. நம் சங்கத்தை ஆரம்பித்த மூதாட்டிகள் இங்கே முதற் கூட்டங்களைக் கூட்டிக் கொண்டிருந்த காலமும் ஏறக்குறைய அதுதான்.

நாடு திரும்பியதும் அவர் வழி வேறு பக்கம் திரும்பியது. 1927 இல் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினராகச் சென்றார். அந்தச் சபையின் முதல் பெண் உறுப்பினர் அவர். உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராக்கினர். நம் அரசாங்க சபைக்கு அட்லின் மொலமுரே வந்தது 1931 இல், நேசம் சரவணமுத்து வந்தது 1932 இல் என்பதை ஒப்பிட்டால் காலம் விளங்கும். சபையில் அவர் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியவை. பாடசாலை மாணவியருக்கு மருத்துவப் பரிசோதனை, ஏழைச் சிறுமியருக்கு இலவசக் கல்வி, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல். இந்தியாவின் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார்.

இவற்றுள் மிகவும் கடினமானது தேவதாசி மசோதா. சத்தியமூர்த்தி போன்ற பெரிய பேச்சாளர்கள் எதிர்த்தார்கள். கலை அழியும், சம்பிரதாயம் அழியும் என்றார்கள். தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினரே கூடி எதிர்த்தார்கள் என்பதை நாம் மறைக்கக் கூடாது. நிலமும் கலையும் கையில் இருந்த பெண்களிடம் இருந்து அவை பறிபோயின, அவற்றை வேறு சமூகத்தார் எடுத்துக் கொண்டனர் என்ற வாதம் இன்றும் ஆய்வாளர்களிடையே உண்டு. அதில் உண்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விபரம் அறியாத வயதில் பொட்டுக் கட்டப்படும் பிள்ளையின் பக்கத்தில் இருந்து பார்த்தவர் முத்துலட்சுமி. அந்த வீடுகளின் உள்ளே இருந்து வந்தவர். 1929 இல் நிறைவேறிய திருத்தம், கோயில் சேவைக்காக விடப்பட்டிருந்த மானிய நிலங்களை அந்தச் சேவைக் கடமையில் இருந்து விடுவித்தது. முறையை முழுதாகத் தடுக்கும் சட்டம் வர 1947 ஆம் ஆண்டாயிற்று. தொடங்கி வைத்தவருக்கு அப்போது வயது 61.

1930 இல் காந்தி கைதானதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியைத் துறந்தார். அதே காலத்தில், பொட்டுக் கட்டப்படுவதில் இருந்து தப்பி வந்து, தங்க இடமின்றித் தம்மிடம் அடைக்கலம் கேட்ட சிறுமியரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித் தொடங்கியது. பிறகு அது அடையாற்றில் நிலைபெற்றது. சட்டம் போட்டால் மட்டும் போதாது, வெளியே வரும் பிள்ளை இரவில் எங்கே படுப்பாள் என்ற கேள்விக்கும் பதில் வேண்டும் என்று அவர் கண்டுகொண்ட இடம் இது. விடுதியில் வளர்ந்த எனக்கு அவருடைய வேலைகளில் இதுதான் மனத்துக்கு மிக நெருக்கம்.

இத்தனைக்கும் இடையில் புற்றுநோய் வைத்தியசாலை எங்கே போயிற்று?

அது எங்கும் போகவில்லை, நடக்கவும் இல்லை. 1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடந்தபோது பழைய மாணவியான முத்துலட்சுமி அந்த மேடையில் புற்றுநோய்க்கென ஒரு வைத்தியசாலை வேண்டும் என்ற எண்ணத்தை வெளியிட்டார். நூற்றாண்டு விழாக்களில் நாம் எல்லோரும் பேசுவோம், சாப்பிடுவோம், புகைப்படம் எடுப்போம், பிரிவோம். அவரும் அன்று பேசிவிட்டுப் பிரிந்திருக்கலாம். பதவியில் இருந்தவர்களுக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறந்துவிடுவார், அதற்குப் பணம் எதற்கு என்பதுதான் அன்றைய பொது நினைப்பு. மலேரியாவும் அம்மையும் காசமும் வாட்டிய நாட்டில் அந்தக் கேள்வியை முழுதும் மூடத்தனம் என்றும் தள்ள முடியாது. யுத்தம் வந்தது, சுதந்திரம் வந்தது, ஆட்சிகள் மாறின. அவர் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினார். மகன் கிருஷ்ணமூர்த்தி வைத்தியராகி, அவரும் புற்றுநோய்த் துறையிலேயே தேர்ச்சி பெற்றார். 1949 இல் நிதி சேர்க்கத் தொடங்கினார்கள்.

1952 இல் அடையாற்றில் அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் பிரதமர் நேரு. 1954 ஜூன் 18 இல் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. 12 கட்டில்கள். மாளிகை ஒன்றும் இல்லை, சில குடிசைகள்தான். தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. முத்துலட்சுமிக்கு அடுத்த மாதம் 68 வயது.

இப்போது அந்த இரண்டாவது காரணத்தைச் சொல்லி விடுகிறேன். இந்தப் பாடசாலையில் இருந்து நான் வெளியேறியபோது என்னைப் பற்றிப் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. பரிசளிப்பு விழாக்களில் என் பெயரை அடிக்கடி வாசித்தார்கள். ஊரில் இருந்து வந்த என் தாயார் கடைசி வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக் கொண்டார். நான் வைத்தியரானேன். பிறகு பட்டமேற்படிப்புத் தேர்வில் இரண்டு முறை தவறினேன். இரண்டாவது குழந்தை பிறந்தது. மூன்றாவது முறை எழுதவில்லை. பழைய மாணவிகள் ஒன்றுகூடலுக்கு அழைப்பு வரும்போதெல்லாம் ஏதோ ஒரு சாக்குச் சொல்லி வராமல் விட்ட ஆண்டுகள் ஆறு. ஆசிரியைகள் கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம். நம்மில் என்னைப் போலப் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் தாதியாகவோ கணக்காளராகவோ இருந்து கொண்டு, உயர்தர வகுப்பில் இருந்த அந்தப் பிள்ளையை நினைத்துப் பார்க்கிறவர்கள்.

முத்துலட்சுமியின் வாழ்க்கையை ஆண்டுகளை எண்ணிப் படித்தது எனக்குப் பழக்கமாகிவிட்டது. 26 வயதில் தங்கப் பதக்கம். 37 வயதில் தங்கையின் மரணம். 49 வயதில் ஒரு விழா மேடையில் ஒரு பேச்சு. 67 முடியும் நேரத்தில் 12 கட்டில்கள். தங்கப் பதக்கம் வாங்கிய ஆண்டையும் கட்டில்கள் போட்ட ஆண்டையும் மட்டும் அருகருகே வைத்து எழுதுகிறவர்கள் நடுவில் இருந்த 42 ஆண்டுகளை விழுங்கி விடுகிறார்கள். அந்த நடுப்பகுதியில் பெரும்பாலான நாட்களில், தாம் எண்ணிய வேலையை அவர் செய்து முடித்திருக்கவில்லை. அவருக்கே அது தெரியும். அடுத்த நாள் காலை எழுந்து அவ்வை இல்லத்துப் பிள்ளைகளின் அரிசிக் கணக்கைப் பார்த்தார், இன்னொரு கடிதம் எழுதினார்.

1955 இல் சாந்தா என்ற இளம் வைத்தியர், கிடைத்த அரசாங்க வேலையை விட்டுவிட்டு அந்தக் குடிசை வைத்தியசாலையில் சேர்ந்தார். பெரியவர்கள் பலரும் அவருக்குப் பைத்தியமா என்று கேட்டார்கள். கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் சேர்ந்து அந்த இடத்தை வளர்த்தார்கள். சாந்தா 2021 இல் மறையும்வரை அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். இலங்கையில் இருந்தும் எத்தனையோ பேர் அடையாற்றுக்குப் போயிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இருந்தே ஒருவர் போய் வந்தார். திரும்பி வந்தவர் பதினொரு ஆண்டுகள் களப்பில் தோணி தள்ளினார்.

1956 இல் இந்திய அரசு முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968 ஜூலை 22 ஆம் திகதி, 82 ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில், சென்னையில் காலமானார். புதுக்கோட்டையில் அவர் திரைக்குப் பின்னால் இருந்து படித்த மகாராஜா கல்லூரி இன்று மன்னர் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது. அவருடைய பிறந்தநாளான ஜூலை 30 ஐத் தமிழ்நாட்டு அரசு வைத்தியசாலைகளில் இப்போது மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இந்த ஆண்டு ஒன்றுகூடலுக்கு நான் வருகிறேன். மலர்க்குழுவினரிடம் பேசி, மதிய உணவுக்கு முன்னால் விடுதி மண்டபத்தில் ஒரு மேசையும் ஒரு மறைப்பும் கேட்டிருக்கிறேன். 35 வயதைக் கடந்தும் பெண்களுக்கான பரிசோதனைக் கிளினிக்குக்கு ஒரு முறையேனும் போகாத சகோதரிகள், கூச்சப்படாமல் அங்கே வந்து என்னோடு பத்து நிமிடம் பேசலாம். மறைப்புத் துணியை நானே கொண்டு வருகிறேன்.